குகனின் முதுகுக்குப் பின்னால் நாலாயிரம் கிலோமீட்டர்

மோட்டார் சைக்கிளில் நோர்வேயின் வடக்கே போக யோசிக்கிறோம், என்ன ஆயத்தம் செய்யவேண்டும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் மூன்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1998 ஆகஸ்டில், இத்தாலியின் பலெர்மோவிலிருந்து. விசாச் சட்டங்களும் கப்பல் கட்டணங்களும் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. காடும் ஏரியும் நுளம்புக்கடியும் மாறியிருக்காது. மூன்று நண்பர்கள் இரண்டு மோட்டார் சைக்கிளில் போனால் யார் யாருக்குப் பின்னால் இருப்பது என்ற பிரச்சினையும் மாறியிருக்காது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். நான் இயல்பிலேயே பொறாமைக்காரன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வழியில் கண்டு திடுக்கிட வேண்டாம்.

அப்போது நான் அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்புற ஒழுங்கையில் ஒரு அறையில் இருந்தேன். ஒரு அறைக்கு ஐந்து பேர். பகலில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் சமையலும் துடைப்பும். அவவின் மகன் ஒருமுறை வடக்கே லாப்லாந்துப் பக்கம் போய்வந்து, படங்களைச் சுவரில் விழுத்திக் காட்டிக்கொண்டிருந்தான். கோப்பித் தட்டோடு போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு ஏரி, ஒரு கூடாரம், கொஞ்சம் புகை, வேறு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ஒரு மனிதக் குரலும் கேட்கவில்லை என்று தாயிடம் சொன்னான். அதுவரை நான் ஆட்களின் காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி சீக்கிரம் கிடைத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். யாரும் இல்லாத இடத்தில் படுத்தெழும்பியவனைப் பார்த்து வயிறெரிந்தது அன்றைக்குத்தான். எங்கள் அறையில் குறட்டை விடுவதற்கே முறை வைக்கவேண்டியிருந்தது.

அந்த இடம் எது என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, தன் பழைய வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு ஏரியைச் சுற்றி வட்டம் போட்டு, வரைபடத்தையே தந்துவிட்டான். நோர்வேயில் கௌட்டொகெய்னோ என்ற ஊருக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர், வீதியோரம். ஏரியின் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை, விட்டுவிடுகிறேன். வரைபடத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். அந்த ஏரிக்கரையில் ஒரு இரவு. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கூட வருவதற்கு யூட்டைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. யூட்டும் நானும் மன்னாரில் பேசாலை, ஒரே வருடம் இத்தாலிக்கு வந்தவர்கள், ஒரே அறை. அவனிடம் ஒரு பழைய 350 சிசி மோட்டார் சைக்கிள் இருந்தது. எனக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை, எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டிருந்தேன். அவன் ஓட்ட நான் பின்னால் இருந்து வழி சொல்வது என்று ஒரு மாரிகாலம் முழுக்கத் திட்டம் போட்டோம். ஆகஸ்டில் சின்யோராக்கள் கடலோர வீடுகளுக்குப் போய்விடுவார்கள். மிச்ச வேலைக்கு ஒரு பதிலாளைப் பிடித்து விட்டுவிட்டால் நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், நமக்கு. பதிலாளைத் தெரிவு செய்யும்போது உங்களைவிடக் கொஞ்சம் மோசமாகச் சமைப்பவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். இது பலெர்மோவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நன்றாகச் சமைப்பவரை விட்டுப் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்காது.

விசாவில்தான் சிக்கியது. ஜெர்மனி வரைக்கும் பெர்மெஸ்ஸோவோடு போகலாம், அதற்கு மேலே வேறு விசா. நோர்வேயிலிருந்து யாராவது அழைப்பு அனுப்பவேண்டும். எனக்கும் யூட்டுக்கும் அங்கே ஒரு காகமும் இல்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்டில் பழக்கமான குகனை யூட் கூட்டிவந்தான். குகனின் ஊர் புங்குடுதீவு. புங்குடுதீவாருக்கு எந்த நாட்டில்தான் ஆள் இல்லை? அவனுடைய அக்கா, செல்வி அக்கா, நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. மூன்று பேருக்கும் அழைப்பு வந்துவிட்டது, குகனும் பயணத்தில் சேர்ந்துவிட்டான். அவனிடம் 650 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருந்தது. அவன் வேலை செய்த வீட்டு டொக்டர், முழங்கால் வருத்தம் வந்ததால் அரைவிலைக்குக் கொடுத்தது. ஆள் என்னைவிட உயரம். உரிமம் முதல் தரத்திலேயே எடுத்தவன். சின்யோராக்களோடு அவர்களின் சிசிலியப் பேச்சிலேயே பேசிச் சிரிக்க வைப்பான். ஒரு மனிதனிடம் இவ்வளவும் இருப்பது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

நீண்ட பயணத்துக்கு முன்னால் முழுச் சுமையோடு ஒரு மலை ஏறிப் பார்ப்பது நல்லது. நாங்கள் ஏறியது மொந்தே பெல்லெக்ரீனோ. பலெர்மோத் தமிழர் வேதக்காரரென்றும் சைவக்காரரென்றும் பாராமல் சாந்தா ரொசாலியா மாதாவிடம் நேர்த்தி வைத்து ஏறும் அதே மலை. சிலர் வெறுங்காலோடு நடந்து ஏறுவார்கள். யூட்டின் 350 நானும் கூடாரமும் பையுமாக நாலாவது வளைவில் புகைந்து நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். நடந்து வந்த ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனா. குகன் மேலே போய், மெழுகுதிரி கொளுத்தி, திரும்பி இறங்கி வந்து, கூடாரத்தையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் கோயில் வாசலில் இறக்கினான். யூட்டும் பின்னால் சுமையில்லாமல் சுகமாக வந்து சேர்ந்தான்.

அங்கே வைத்து யூட் சொன்னான், "அன்ரன் குகனோடை ஏறட்டும். என்ரை வண்டி தாங்காது."

வண்டி தாங்காதென்பது உண்மை. ஆனால் அதை அவன் குகனைப் பார்த்துச் சொன்னான், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திட்டம் என்னுடையது, வரைபடம் என்னுடையது, பல்லாரோவில் பேரம் பேசி வாங்கிய கூடாரம் என்னுடையது. நானோ பையோடு பையாகப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் முதல் கிழமையில் கப்பல் ஏறினோம். பலெர்மோ–ஜெனோவா இருபது மணி நேரம். மேல்தளத்தில் படுப்பதானால் போர்வை கொண்டுபோங்கள், உப்புக்காற்றில் காலையில் எல்லாம் நனைந்திருக்கும். ஜெனோவாவிலிருந்து வெரோனா வழியாக பிரென்னர் கணவாய் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். அங்கிருந்து ஜெர்மனியின் வடகரை ஆயிரத்துக்குச் சற்று மேல். டென்மார்க்குக்கு முக்கால் மணி நேரப் படகு, சுவீடனுக்கு இருபது நிமிடப் படகு. இப்போதுள்ள பெரிய பாலம் அப்போது இல்லை. பிறகு கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுவீடன் முடியும்வரை நேரே வடக்கு. சுவீடன், நோர்வே இரண்டிலும் பகலிலும் விளக்கைப் போட்டே ஓடவேண்டும். வடக்கே போகப்போகப் பெற்றோல் நிலையங்கள் தூரத்தூரமாகிவிடும், கண்ட இடத்தில் நிரப்பிவிடுங்கள்.

காட்சிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. பின்னால் இருப்பவனுக்கு இடப்பக்கம் கொஞ்சம் தெரியும், வலப்பக்கம் கொஞ்சம் தெரியும், நடுவில் முன்னால் இருப்பவனின் முதுகு. குகனுடையது பழுப்புத் தோல் ஜக்கெற், இடது தோளில் ஒரு தையல் விட்டிருந்தது. அல்ப்ஸ் மலை எனக்கு அந்தத் தையலுக்கு மேலே வந்து போனது. குளிரில் அவன் இடுப்பைப் பிடிக்காமல் இருக்கவும் முடியாது. யாரைக் கண்டால் எரிகிறதோ அவனைக் கட்டிப்பிடித்தபடி ஐரோப்பாவைக் கடந்தேன்.

இந்தப் பயணத்தின் பெரிய பிழையை இப்போது சொல்கிறேன். நீங்களும் நம்மவர்களாக இருந்தால் நிச்சயம் செய்வீர்கள், ஆகையால் கவனமாக வாசியுங்கள். புறப்பட முதல்நாள் குகன் தொலைபேசிக் கடையில் நின்று அக்காவுக்கு நாங்கள் போகும் பாதையைச் சொல்லியிருக்கிறான். அக்கா தனக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டா. மியூனிக்குக்குப் பக்கத்தில் குகனின் சின்னம்மா புட்டும் கணவாய் மீன் கறியும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றா. ஹம்பேர்க்கில் மச்சான்முறை ஒருவர் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். டென்மார்க்கில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளை எங்களுக்காக ஒரு நாள் பின்போட்டிருந்தார்கள். சாப்பிடாமல் கிளம்பினால் காலத்துக்கும் கோபம். சாப்பிட்டால் தூக்கம், தூங்கி எழும்பினால் கலியாண வீடியோ. ஒரு நாளில் ஓடவேண்டிய தூரத்தை மூன்று நாளில் ஓடினோம். எல்லா வீட்டிலும் குகன்தான் நாயகன். யூட்டும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து பகிடி விட்டுச் சிரிப்பான். எங்களை "தம்பியின்ரை சிநேகிதப் பெடியள்" என்று அறிமுகம் செய்வார்கள். கூடாரம் ஒரு இடத்திலும் அவிழவில்லை. சாய்ந்திருக்க எனக்கு அது வசதியாக இருந்தது, வேறு பயன் இல்லை.

ஸ்டொக்ஹோம் தாண்டியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. இனி ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தமிழனும் இருக்க வழியில்லை என்று நினைத்தேன். வீதி முழுக்கப் பைன் காடு, நடுவில் நின்று யோசிக்கும் கலைமான்கள். லூலியோவில் பெற்றோல் அடிக்க நின்றோம். பக்கத்துக் காரிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவன் இறங்கி வந்து, "அண்ணா, புங்குடுதீவோ?" என்று கேட்டான். அவனுடைய அறையில் சோறும் ரின்னில் அடைத்த மீனும். அன்றைக்கும் கூடாரம் அவிழவில்லை.

பின்லாந்தின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு நோர்வேக்குள் நுழைந்தபோது காடு முடிந்து, மொட்டைவெளி தொடங்கியது. குட்டைப் பற்றைகள், பாசி, எங்கு பார்த்தாலும் தண்ணீர். கௌட்டொகெய்னோவில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். ஏறியதிலிருந்து கிலோமீட்டர் கல் எண்ணிக்கொண்டே வந்தேன். சரியாக அந்த இடத்தில் வலப்பக்கம் ஏரி தெரிந்தது. படத்தில் பார்த்த அதே வளைவு, அதே சாம்பல் கல். குகனின் முதுகில் தட்டினேன். அவன் வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினான்.

"இதுதான் இடம், நிப்பாட்டு," என்றேன்.

"அக்கா சமைச்சு வச்சிருக்கிறா மச்சான். சூடாறப் போகுது."

வண்டி நிற்கவில்லை. ஏரி அவன் வலது தோளுக்கு மேலே வந்து, என் தோளைத் தாண்டி, பின்னால் போய்விட்டது. ஒரு மாரிகாலத் திட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லலாம், ஆனால் என் தலைக்கவசக் கண்ணாடி மூடித்தான் இருந்தது.

செல்வி அக்கா வீடு ஆல்டா என்ற ஊருக்கு அப்பால் முப்பது கிலோமீட்டர், கடலோரம். அக்காவும் அத்தானும் நல்ல மனிதர்கள், குறை சொன்னால் வாய் அழுகும். தொழிற்சாலைத் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் முறைவைத்து எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டன. நடுவில் ஒரு பகல் எல்லோருமாக வாடகைக்கு ஒரு வான் பிடித்து வடமுனைக்குப் போய், பாறை விளிம்பில் நின்று, மூடுபனியைப் பார்த்துவிட்டு வந்தோம். நான்காம் நாள் பின்னேரம் யூட்டைத் தனியே கூப்பிட்டு, நாளன்றைக்குத் திரும்பவேண்டும், ஏரிக்கு நூற்றிருபது கிலோமீட்டர்தான், நீயும் நானும் மட்டும் போவோம் என்றேன். குகனிடம் சொல்லவில்லையா என்று கேட்டான். சொன்னால் அக்கா சோறு கட்டுவா, அத்தான் வருவார், அயல் வரும் என்றேன். யூட் வண்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தான்.

மற்றச் சாமான் இல்லாததால் 350 முக்கிமுக்கி ஏறிவிட்டது. ஏரிக்கரையை அடைந்தபோது இரவு எட்டு மணி, வெளிச்சம் பின்னேரம் போலவே இருந்தது. நாலாயிரம் கிலோமீட்டர் நான் சாய்ந்துவந்த கூடாரத்தை அவிழ்த்தோம். துணி இருந்தது, முளைகள் இருந்தன, நடுக்கம்பிகள் இல்லை. பல்லாரோக்காரன் பையைக் கட்டித்தான் தந்தான், நானும் ஒருதரம் விரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் விரித்துப் பாருங்கள். விறகும் ஈரம், தீப்பெட்டியும் ஈரம். நுளம்பு மட்டும் எங்களை எதிர்பார்த்து இருந்தது.

யூட் கூடாரத் துணியைப் போர்த்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தான். பிறகு சொன்னான், "குகன் நிண்டிருந்தா இதுக்கு ஒரு வழி பண்ணியிருப்பான்."

அந்த வெறுவெளியில், மனிதக் குரலே இல்லாத இடத்தில், நான் கேட்ட ஒரே குரல் அதைத்தான் சொன்னது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழும்பி ஏரியைச் சுற்றி நடந்தேன். அப்போதுதான் வடக்குப் பக்கம் வீதியில் ஒற்றை விளக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது.

குகன் இறங்கி, பெட்டியிலிருந்து இடியப்பப் பொதியையும் மீன்குழம்புப் போத்தலையும் எடுத்துக் கல்லில் வைத்தான். அக்கா தந்துவிட்டது என்றான். எங்களுக்குப் பக்கத்தில் இருக்காமல், தள்ளிப்போய்த் தன் வண்டியில் சாய்ந்து நின்றான். எப்படித் தெரியும் என்று யூட் கேட்டதற்கு, வேறெங்கே போவீர்கள் என்றான். சாப்பிட வா என்றேன், மரியாதைக்கு.

"நான் போறன். நீங்கள் ரெண்டு பேரும் இருங்கோ," என்றான். ஆனால் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து அவனே தொடங்கினான். "நீங்கள் பேசாலைக் கதை கதைக்கத் தொடங்கினா நான் ஆர்? மூண்டாவது ஆள். பலெர்மோவிலை இருந்தே அப்பிடித்தான். அதாலைதான் போற ஊரெல்லாம் எங்கட ஆக்களுக்குச் சொல்லி வச்சனான். எனக்கும் ஆராவது வேணும்தானே."

பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு தூரமும் என்ரை முதுகுக்குப் பின்னாலை இருந்தனீ. சாப்பிட நிண்ட இடத்திலையும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை," என்றான்.

என்னிடம் என்ன இருக்கிறதென்று இவன் பொறாமைப்பட்டான் என்று யோசித்தேன். உரிமம் இல்லை, உயரம் இல்லை, ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் இடியப்பம் தர ஒரு சின்னம்மா இல்லை. இருந்தது யூட் ஒருவன். அவனைத்தான் குகன் எடுத்துக்கொண்டான் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். அவனோ எங்கள் இருவருக்கும் நடுவில் இடமில்லை என்று வெந்திருக்கிறான்.

"கூடாரம் கட்டின கயித்தை எடு. ரெண்டு வண்டிக்கும் நடுவிலை கட்டுவம்," என்றேன்.

இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் கயிறு இழுத்து, துணியைப் போட்டு, மூன்று பேரும் அதற்குள் வரிசையாகப் படுத்தோம். அல்பெர்கேரியா அறையைவிட நெருக்கம். குகனின் குறட்டையை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் கேட்டேன். நான் ஆசைப்பட்ட யாருமில்லாத இரவு எனக்குக் கிடைக்கவேயில்லை. காலையில் அவர்களுக்கு முதல் எழும்பி, அந்தச் சாம்பல் கல்லில் ஒரு மணி நேரம் போல இருந்தேன். தண்ணீர் அசையவில்லை. அமைதியாகத்தான் இருந்தது. பிறகு குளிர்ந்தது, பசித்தது, இவர்கள் எப்போது எழும்புவார்கள் என்று இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு போங்கள், நுளம்பு குறையும். மழை உடுப்பு இரண்டு சோடி வேண்டும். கூடாரத்தை வீட்டிலேயே ஒருதரம் அடித்துப் பாருங்கள். பாதையைச் சொந்தக்காரருக்குச் சொல்லாதீர்கள், சொன்னால் ஒரு கிழமை கூடுதலாக லீவு எடுங்கள். உரிமம் இல்லாதவர் யாருக்குப் பின்னால் இருக்கப்போகிறார் என்பதைப் புறப்பட முன்னமே மூன்று பேரும் ஒன்றாக இருந்து கதைத்து முடிவு செய்யுங்கள். நாங்கள் அதைத்தான் செய்யவில்லை.

ஏரியை விட்டுப் புறப்படும்போது யூட் 350ஐ உதைத்துக் கிளப்பிவிட்டுப் பின்னிருக்கையைத் தட்டினான். "அன்ரன், இனி என்னோடை வா. திரும்பிற வழி இறக்கம்தானே," என்றான். மொந்தே பெல்லெக்ரீனோ வாசலிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

"பரவாயில்லையடா. குகனுக்குப் பின்னாலை இருந்து பழகிட்டுது," என்றேன்.

யூட் தலைக்கவசத்தைப் போட்டான். ஆல்டா வரும்வரைக்கும், அதற்குப் பிறகு அன்று முழுக்கவும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், ஜெனோவாவிலிருந்து நான் போட்டுக்கொண்டு வந்த முகம். மேட்டுவெளியில் காற்றுக் குளிராக அடித்தது. தையல் விட்ட அந்த ஜக்கெற்றோடு குகனின் இடுப்பைச் சற்று இறுக்கியே பிடித்துக்கொண்டேன். யூட் எங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தான், அவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.